விசாகம் திருநாளும் மரச்சீனியும்

திருவாங்கூர் மன்னர்களுள் மார்த்தாண்ட வர்மரைப் போர்க்களம் அறியும். சுவாதித் திருநாளை இசை உலகம் அறியும். ஐந்தே ஆண்டுகள் அரசாண்ட விசாகம் திருநாள் இராமவர்மரை அறிந்தது ஏழையின் அடுப்பு. உயிர்வேதியியல் பயிலும் எனக்கு இம்மூவருள் அவரே மிக நெருங்கியவர்.

அவர் 1837 மே 19இல் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே அன்னையை இழந்தார். பின்னாளில் திவானாக விளங்கிய மாதவராவே அவருக்கு ஆசிரியர். தமையனார் ஆயில்யம் திருநாள் 1860 முதல் 1880 வரை ஆண்டமையால், இவர் இருபது ஆண்டுகள் இளவரசராகவே இருந்தார். அக்காலத்தை நூல்களிலும் செடி கொடிகளிலும் செலவிட்டார். அந்த இருபது ஆண்டுகளில்தான் 1860–61இல் திருவாங்கூரை வறட்சி வாட்டியது. 1876–78இல் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் சூறையாடியது.

நெல்லுக்கு நீர் வேண்டும். மேட்டு நிலத்தில், குறைந்த நீரில் விளைவது எது? விடை பிரேசில் நாட்டுக் கிழங்கு ஒன்று. சேலத்தில் நாங்கள் அதைக் குச்சிக்கிழங்கு என்போம். நூல்கள் மரவள்ளி என்னும். இவ்வூரிலும் குமரி மாவட்டத்திலும் அது மரச்சீனி. போர்த்துகீசியர் வழியாக அது முன்பே கேரளக் கரைக்கு வந்திருந்தது. எனினும் பரவவில்லை. மலேயா முதலிய இடங்களினின்று நல்ல வகைகளை வருவித்துத் திருவனந்தபுரத்தில் பயிரிடச் செய்தவர் விசாகம் திருநாளே. இன்றைய ஜவகர் நகர்ப் பகுதிக்கு முன்னர் மரச்சீனிவிளை என்ற பெயர் இருந்ததாக ஊரார் கூறுவர்.

மக்களோ அஞ்சினர், நஞ்சுக் கிழங்கு என்று. மன்னர் அதனை அரண்மனையிலேயே சமைக்கச் செய்து உண்டு காட்டினார் என்பது வழிவழி வரும் செய்தி. பிரான்சில் பார்மென்தியே என்பார் உருளைக்கிழங்கின்மீது மக்களுக்கிருந்த வெறுப்பைப் போக்கப் பட்ட பாடு இங்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் மக்களின் அச்சம் அறியாமையன்று. மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் உண்டு. கிழங்கை நறுக்கும்போது அதிலுள்ள நொதி அதனைத் தாக்க, முடிவில் சயனைடு வெளிப்படும். நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டினால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கும். எஞ்சும் சிறிதளவை நம் உடலே தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் கழித்துவிடும். இவ்வேலைக்குக் கந்தகம் வேண்டும். கந்தகம் புரதத்திலிருந்து கிடைக்கிறது. மரச்சீனியிலோ புரதம் மிக அருமை. நூறு கிராம் பச்சைக் கிழங்கில் மாவுப்பொருள் ஏறத்தாழ 38 கிராம். புரதம் ஒன்றரைக் கிராம்கூட இல்லை! கிழங்கோடு மீன் குழம்பு சேர்த்துண்ணும் இவ்வூர் வழக்கத்தில் எத்துணை வேதியியல் அடங்கியிருக்கிறது பாருங்கள்.

சத்தற்ற உணவை மக்கள் தலையில் கட்டிவிட்டார் என்று மன்னரைக் குறை கூறுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாவுப்பொருள் குடலில் குளுக்கோசாகிக் குருதியில் கலக்கிறது. மிகுந்தது கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோசனாகச் சேமிக்கப்படுகிறது. அந்தச் சேமிப்பும் தீர்ந்தால் உடல் சும்மா இராது. தன் தசைப் புரதத்தையே உடைத்துக் குளுக்கோசாக்கும். பசித்தவனுக்கு ஒரு துண்டு மீன் மட்டும் கொடுத்தால் அதன் புரதமும் விறகாகவே எரியும். விறகு வேலையைக் கிழங்கு ஏற்றுக்கொண்டால்தான் மீனின் புரதம் தசை கட்டும் பணிக்குப் போகும். 1942இல் பர்மா வீழ்ந்து, அரிசி வரவு நின்றபோது, திருவாங்கூரில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த விறகாய் இருந்தது மரச்சீனியே.

மன்னர் அதைக் காணவில்லை. 1880இல் அரியணை ஏறியவர், திவான் இராமையங்காரின் துணையுடன் நில அளவை முதலிய சீர்திருத்தங்களைத் தொடங்கி, 1885 ஆகஸ்டில் தம் நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

1963இல் தொடங்கப்பெற்ற கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் நம் காரியவட்டம் வளாகத்திற்கு அருகே, ஸ்ரீகாரியத்தில் இருக்கிறது. அங்கு உருவாக்கிய கலப்பினம் ஒன்றுக்கு ஸ்ரீவிசாகம் என்று பெயரிட்டுள்ளனர். அதன் சதை மஞ்சள் நிறம், காரணம் கரோட்டின். அதனை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். கரோட்டின் குடலில் ஏறக் கொழுப்பு வேண்டும். அதற்குத்தான் இவ்வூரார் கிழங்கை மசிக்கும்போது தேங்காயை அரைத்துச் சேர்த்துவிடுகிறார்களே!