நாய்க்கும் மருந்திட்ட கரங்கள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைத் தாக்கியபோது, மண்சரிவுக்கு அஞ்சியோர் குழந்தைகளையும் முதியோரையும் தூக்கிக்கொண்டு லயங்களைவிட்டு வெளியேறினர். கொட்டிலில் கட்டிய பசுவின் கயிற்றை அவிழ்க்க எல்லோருக்கும் அவகாசம் கிடைத்திருக்காது. மனிதருக்கே சோறு போதாத வேளையில் மிருகங்களைப் பற்றிப் பேசலாமா என்று கேட்போர் உண்டு. பால் விற்ற காசில் பிள்ளையின் பள்ளிச் செலவைப் பார்க்கும் றொசல்லத் தோட்டத்துத் தாய்க்கு இக்கேள்வி எழாது.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இக்கேள்விக்குத் தம் வாழ்வால் விடையளித்தவர் புனித மார்ட்டின் தெ போரஸ். 1579 டிசம்பர் 9 அன்று பெரு நாட்டின் லீமா நகரில் பிறந்தார். தந்தை ஸ்பானியப் பிரபு. தாயோ விடுதலை பெற்ற கறுப்பின அடிமை. மகனின் கருநிறம் கண்ட தந்தை முதலில் அவரை ஏற்கவில்லை. அவருக்கு ஆறு வயதானபோது, 1586 ஜூலையில், பெரும் நிலநடுக்கம் லீமாவைச் சிதைத்தது.

பன்னிரண்டு வயதில் நாவிதரிடம் தொழில் பயின்றார். அக்கால நாவிதரே காயங்களுக்குக் கட்டுப்போட்டு மூலிகையும் கொடுப்பவர். (நம் ஊர்களிலும் ஒரு காலத்தில் அப்படித்தானே!) பதினைந்தாம் வயதில் டொமினிக்கன் சபையின் செபமாலை மடத்தில் பணியாளராகச் சேர்ந்தார். கறுப்பினத்தார் முழுத் துறவியாவதை அன்றைய விதிகள் தடுத்தன. 1603இல்தான் அவரால் வார்த்தைப்பாடு கொடுக்க முடிந்தது.

நகரில் கொள்ளைநோய் பரவியபோது, தெருவில் கிடந்த நோயாளரை மடத்துக்குக் கொண்டுவந்தார். தொற்றுக்கு அஞ்சிய மேலதிகாரி தடைவிதித்தார். எனினும், குத்துண்டு குருதி சிந்திக் கிடந்த பூர்வகுடி மனிதர் ஒருவரைக் கண்டதும் தம் அறைக்கே தூக்கிவந்தார். கண்டிக்கப்பட்டபோது, பிறரன்பைவிடக் கீழ்ப்படிதல் மேலானதென்று தாம் எண்ணவில்லை எனப் பணிவுடன் கூறி மன்னிப்புக் கேட்டார். தடை தளர்ந்தது.

அதே கரங்களே நாய்களுக்கும் மருந்திட்டன. அடிபட்ட தெருநாய்களுக்கும் பூனைகளுக்கும் தம் சகோதரி ஹுவானாவின் வீட்டையே மருத்துவமனை ஆக்கினார். அந்தச் சகோதரி எவ்வளவு முணுமுணுத்தாரோ! மடத்துத் துணிகளைக் கடித்த எலிகளைக் கொல்ல மற்றவர்கள் எண்ணியபோது, தோட்டத்து ஓரத்தில் உணவு வைத்து அவற்றை வெளியே வரவழைத்தார் என்று மரபு கூறுகிறது. விலங்குகளுக்கு இட்டதால் மனிதருக்குக் குறைந்துவிடவில்லை. நாள்தோறும் சுமார் 160 ஏழைகள் அவர் கையால் உண்டனர்.

1639 நவம்பர் 3 அன்று இறைவனடி சேர்ந்தார். 1962 மே 6 அன்று பாப்பரசர் 23ஆம் அருளப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவருடைய படங்களில் கையில் துடைப்பம் இருக்கும். காலடியில் நாயும் பூனையும் எலியும் ஒரே தட்டில் உண்டுகொண்டிருக்கும்.