சாக்ஸபோனில் ஒரு விருத்தம்

ஜோன் கொல்ட்ரேன் என்னும் அமெரிக்க இசைமேதையின் வரலாற்றை எழுதப் புகும் நான், முதற்கண் என் குற்றமொன்றை ஒப்புக்கொண்டு தொடங்குதலே முறையாகும். ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு முன், சாதாரண தர வகுப்பு மாணவன் ஒருவன் பாடசாலை வேப்பமரத்தின் கீழ் அமர்ந்து, கைபேசியிலே ஏதோ ஒரு வாத்தியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். அருகே சென்று செவிகொடுத்தேன். சோளகக் காற்று கூரைத் தகரத்தைப் பிய்க்கும்போது எழும் ஓசையாகவே அஃது எனக்குப் பட்டது. மாணவர் பலர் கேட்கும்படியாக, நம் மன்னார்த் தெருக்களில் அலையும் கழுதைகள் இதனினும் சுருதி சுத்தமாகப் பாடும் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தனர், அவன் சிரிக்கவில்லை. அதன்பின் என் வகுப்பில் அவன் வாய் திறந்ததுமில்லை. யாப்பிலக்கணம் கற்பிக்கும் வேளையில் தளை தட்டும் இடத்தைக் கண்ணால் தேடாமல் காதாலேயே கண்டு சொல்லும் மாணவன் அவன் ஒருவனே. அச்செவியை அன்று நான் இழந்தேன்.

அவன் வளர்ந்து கப்பல் வேலைக்குச் சென்றான். மூன்று ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்தபோது, பழைய மாதிரி இசைத்தட்டுக் கருவி ஒன்றையும் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் கொண்டுவந்து, பேசாலையிலுள்ள தமக்கை வீட்டில் வைத்தான். என் வீடு தேடி வந்து, போயா விடுமுறையன்று மாலை வந்து கேட்கவேண்டும் என்று அழைத்தான். பழையதொன்றையும் அவன் எடுத்துப் பேசவில்லை. ஓய்வுபெற்ற நாதசுர வித்துவான் ஒருவரையும், தேவாலயப் பாடகர் குழுவை நடத்தும் ஆசிரிய நண்பரையும், படகு இயந்திரம் திருத்தும் அன்பர் ஒருவரையும் அவனே திரட்டியிருந்தான். அன்று கூடிய நாங்கள் இன்றளவும் போயாதோறும் கூடிவருகிறோம்.

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த இசை. ஒரு மெட்டை முதலில் வாசித்து, அதன் சட்டகத்துள் நின்று மனோதர்மமாக விரித்து, ஈற்றில் மெட்டுக்கு மீளுதல் அதன் பொது வழக்கம். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர்னெட் கோல்மன், செசில் டெய்லர் முதலியோர் அச்சட்டகத்தையே கைவிட்டுக் கட்டற்ற ஜாஸ் என வழங்கும் நெறியைத் தோற்றுவித்தனர். கொல்ட்ரேன் அந்நெறிக்குச் சற்றுப் பிந்தி வந்தவர். ஆயினும் பழைய நெறியில் கரைகண்டபின் வந்தவர். அதனாலேயே அவர் வரலாறு எனக்குப் பெரிதாகப் படுகிறது. யாப்பை முழுதும் கற்றவன் யாப்பைத் துறப்பது வேறு. கல்லாதவன் துறப்பது வேறு.

அவர் 1926ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் வட கரோலைனா மாநிலத்தில் ஹம்லெட் என்னும் சிற்றூரிலே பிறந்து, ஹை பொயின்ட் நகரில் வளர்ந்தார். தந்தை தையற்காரர், ஓய்வு வேளையில் வாத்தியம் வாசிப்பவர். பாட்டன்மார் இருவரும் மெதடிஸ்த வழிவந்த கறுப்பினத் திருச்சபையின் போதகர்கள். அம்மக்களின் ஆலயங்களில் பிரசங்கம் பேச்சாகத் தொடங்கி, மெல்ல மெல்லக் குரல் உயர்ந்து, பாட்டாகவே மாறிவிடும். எங்கள் பகுதியினர்க்கு இது விளங்காத செய்தியன்று. 18ஆம் நூற்றாண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படுவதைக் கேட்டவர்கள், உரைநடை எந்த இடத்தில் இசையாகிறது என்று பிரித்துக் காட்ட இயலாது திகைத்திருப்பர்.

சிறுவனுக்கு 12 வயது நிரம்பிய சில மாதங்களுக்குள்ளே தந்தையும் பாட்டனும் குடும்பத்தின் வேறு சிலரும் அடுத்தடுத்து இறந்தனர். தாய் பிறர் வீடுகளில் வேலைசெய்து காப்பாற்றினார். 1943இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிலடெல்பியா நகருக்குச் சென்றார். தாய் வாங்கிக் கொடுத்த சாக்ஸபோனோடு பயிற்சி தொடங்கிற்று. ஏறத்தாழ ஈராண்டுகளில் கடற்படை அழைத்தது. ஹவாயில் கடற்படையினரின் வாத்தியக் குழுவில் வாசித்துவிட்டு 1946இல் மீண்டார். பின்னர்ப் பல குழுக்கள், பல ஊர்கள். 1955இல் மைல்ஸ் டேவிஸ் என்னும் புகழ்பெற்ற எக்காள வாத்தியக்காரரின் குழுவில் இடம் கிடைத்தது. அக்காலத்தில் அவர் ஹெரோயினுக்கும் மதுவுக்கும் அடிமைப்பட்டிருந்தார். கச்சேரியில் மேடையிலேயே உறங்கி வழியும் நிலை வந்தது. 1957இல் டேவிஸ் அவரை விலக்கிவிட்டார்.

இந்தப் பகுதியை மாணவன் சொல்லக் கேட்டபோது, படகு இயந்திரம் திருத்தும் அன்பர் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். நம் கரையோரக் குடும்பங்களில் அந்நஞ்சு புகுந்த வீடுகள் எவையென்று அங்கிருந்த அனைவரும் அறிவோம்.

கொல்ட்ரேன் பிலடெல்பியாவில் தாய் வீட்டுக்குத் திரும்பி, ஓர் அறையில் அடைந்துகிடந்து, மருத்துவத் துணையின்றியே அவ்வடிமைத்தனத்தை விட்டொழித்தார். அவ்வாண்டிலே தமக்கு ஓர் ஆன்ம விழிப்பு அருளப்பட்டதெனப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். அதே ஆண்டில் தெலோனியஸ் மங்க் என்னும் பியானோ மேதையோடு நியூயோர்க்கில் பல மாதம் வாசித்தார். அவ்விருவரும் கார்னகி மண்டபத்தில் 1957 நவம்பர் 29இல் நிகழ்த்திய கச்சேரியின் ஒலிநாடா அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்து, 2005ஆம் ஆண்டிலேதான் கண்டெடுக்கப்பட்டது. ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்த உ. வே. சாமிநாதையரின் வரலாற்றைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, இச்செய்தி உவகை தந்தது.

1959இல் பதிவான ஜயன்ட் ஸ்டெப்ஸ் என்னும் உருப்படியில், சுர அடுக்குகள் மின்னல் வேகத்தில் மாறிக்கொண்டே போகும். அத்தனையையும் பிழையின்றி அவர் தொடர்ந்து செல்வார். நண்பர்கள் வியக்கிறார்கள், எனக்கோ அது சித்திரகவி போலத் தோன்றுகிறது. திறமை உண்டு, உருக்கம் குறைவு. அடுத்த ஆண்டே அவர் எதிர்த்திசையில் நடந்தார். மை பேவரிட் திங்ஸ் என்னும் எளிய நாடகப் பாடலை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ ஒரே ஆதார சுருதியின்மேல் நின்று, 14 நிமிடம்வரை விரித்தார். அதற்கு அவர் கையாண்டது சொப்ரானோ சாக்ஸபோன் என்னும் நேர்க்குழல் வாத்தியம். அட்டைப் படத்தைப் பார்த்த எங்கள் வித்துவான், இந்த நாதசுரம் எந்த ஊரில் செய்தது என்று கேட்டார். கேட்டு முடித்தபின், இது நம் இராகம் எதுவுமன்று, ஆனால் ஆலாபனையின் நியாயம் தெரிந்தவன் வாசிப்பு என்று தீர்ப்பளித்தார். 1956இல் மறைந்த திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டை என் தந்தையார் வைத்திருந்தார். மூன்று நிமிட நேரப் பக்கமொன்றில் கடலை அடைக்க முயன்றவர் அவர். கொல்ட்ரேனுக்கு நெடுநேரத் தட்டு வாய்த்தது. அந்த வசதி நம்மவர்க்கு உரிய காலத்தில் கிடைக்காமற் போயிற்றே என்னும் ஏக்கம் எனக்கு உண்டு.

1961 நவம்பரில் நியூயோர்க்கின் வில்லேஜ் வான்கார்ட் விடுதியில் எரிக் டொல்பியோடு சேர்ந்து அவர் வாசித்தவற்றுள் ஒன்றுக்கு இந்தியா என்றே பெயர். அவ்வேளையில் இசையிதழ் ஒன்றில், இவர்கள் ஜாஸையே அழிக்க முனைகிறார்கள் என்னும் கருத்துப்பட விமரிசகர் ஒருவர் கண்டித்தார். அவரை இகழ எனக்குத் தகுதியில்லை. அவர் கழுதையை இழுக்கவில்லை.

1963 செப்டெம்பர் 15ஆம் நாள் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில், வெள்ளை இனவெறியர் வைத்த குண்டு தேவாலயமொன்றில் வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். இரு மாதங்கள் கழித்துக் கொல்ட்ரேன் அலபாமா என்னும் பெயரில் ஐந்து நிமிட அளவான புலம்பலொன்றைப் பதிவு செய்தார். அதிலே சீற்றம் இல்லை. தாழ்ந்த குரலில், பெரும்பாலும் தாளம் தொடாமல் செல்கிறது. வழிபாட்டிடத்தில் தஞ்சம் புகுந்தோர் மடிந்த கதை எங்கள் மாவட்டத்துக்கும் உண்டு. தட்டு நின்றபின் நெடுநேரம் யாரும் பேசவில்லை. அடுத்ததை வைக்கச் சொல்லவும் யாருக்கும் மனம் வரவில்லை. அன்றைய கூட்டம் அத்தோடு கலைந்தது.

இனி, என்னை மாற்றிய இசைத்தட்டுக்கு வருகிறேன். ஏ லவ் சுப்ரீம் என்பது அதன் பெயர். 1964 டிசம்பர் 9ஆம் நாள் நியூ ஜேர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில், பியானோவில் மக்கோய் டைனரும், பெரு நரம்பு வாத்தியத்தில் ஜிம்மி கரிசனும், முழவில் எல்வின் ஜோன்ஸும் உடனிருக்கப் பதிவாயிற்று. (அதே மாதத்தில்தான் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது, நாதசுர வித்துவான்களை இக்கரைக்குக் கொண்டுவந்த தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் வழியும் அன்றோடு போயிற்று.) நான்கு பகுதிகள், 33 நிமிடம். நான்காம் பகுதிக்குச் சங்கீதம் எனப் பொருள்படும் பெயர். விவிலியத்தின் சங்கீதம் என்க. இறைவனுக்கு நன்றி கூறிக் கொல்ட்ரேனே எழுதிய கவிதை தட்டின் உறையில் அச்சிடப்பட்டுள்ளது. நான்காம் பகுதி வெறும் மனோதர்மம் என்றே பலர் எண்ணியிருந்தனர். பின்னர் ஆய்வாளர் லூயிஸ் போர்ட்டர், அக்கவிதையைச் சொல்லுக்குச் சொல், அசைக்கு அசை, சாக்ஸபோன் உச்சரிக்கிறது என்று காட்டினார்.

மாணவன் உறையை என் கையில் தந்து, தட்டை வைத்தான். விரலால் வரி தொட்டுப் படித்துக்கொண்டே கேட்டேன். ஒவ்வொரு வரி ஈற்றிலும் குரல் தாழ்ந்து அமர்கிறது. இறைவன் பெயர் வரும் இடங்களில் நீள்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்திலே, ஓதுவார் தாளம் நீக்கித் திருப்பதிகத்தை விருத்தமாகப் பாடும்போது நிகழ்வது இதுவே அன்றோ! சொல்லின் அளவே இசையின் அளவு. வேறு கட்டு இல்லை. கட்டற்றது என்று நான் நகைத்த இசைக்குள் செய்யுள் ஒன்று முழுதாகக் கிடந்தது. வேப்பமரத்தடியில் அன்று கேட்டது இதுதானா என்று மாணவனைக் கேட்டேன். இதுவேதான் என்றான்.

எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன் என எண்ணற்க. 1965 ஜூன் 28இல் பதினொருவர் கூடி ஏறத்தாழ 40 நிமிடம் முழங்கிய அசென்ஷன் எனக்கு இன்னும் வசப்படவில்லை. பாடகர் குழு நண்பர் அதனைப் பெந்தெகொஸ்தே நாளில் பல மொழி பேசிய சீடர்க்கு ஒப்பிட்டுப் புகழ்கிறார். வித்துவானோ, திருவிழாவில் நான்கு மேளம் ஒருங்கே வாசித்தால் யாரைக் கேட்பது என்று சண்டைக்கு வருகிறார். கொல்ட்ரேனின் சொந்தக் குழுவே அதனைப் பொறுக்கவில்லை. டைனர் 1965இன் முடிவிலும் ஜோன்ஸ் 1966இன் தொடக்கத்திலும் விலகினர். அவர்களுக்குப் பதிலாக மனைவி அலிஸ் பியானோவிலும் ரஷீத் அலி முழவிலும் அமர்ந்தனர். ஃபரோவா சாண்டர்ஸ் ஏற்கெனவே மற்றொரு சாக்ஸபோனாகச் சேர்ந்திருந்தார். 1965இல் பிறந்த மகனுக்கு, சித்தார் மேதை ரவி சங்கரை நினைந்து ரவி என்று பெயரிட்டார். 1966 ஜூலையில் ஜப்பான் சென்று, நாகசாகி நினைவிடத்தில் நின்று வழிபட்டார். 1967 ஜூலை 17ஆம் நாள் ஈரற் புற்றுநோயால் காலமானார். அவருக்கு வயது 40.

அதன்பின்னும் தட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. இறப்பதற்கு ஐந்து மாதத்துக்குமுன் ரஷீத் அலியோடு இருவராக மட்டும் வாசித்த இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ் 1974இல் வெளிவந்தது. அதுவே படகு அன்பரின் செல்வம், இரண்டு இயந்திரம் ஒரே படகில் ஓடுகிறது என்பார். சியாட்டில் நகர விடுதியில் 1965 ஒக்டோபரில் ஏ லவ் சுப்ரீம் முழுவதையும் வாசித்தபோது, ஜோ பிரேசில் என்னும் இசையாசிரியர் பதிவுசெய்து தம்மிடம் வைத்திருந்த நாடா 2021இல் உலகுக்குக் கிடைத்தது. 1961ஆம் ஆண்டுக் கச்சேரி நாடா ஒன்று நியூயோர்க் பொது நூலகத்தில் அகப்பட்டு 2023இல் வெளியாயிற்று.

கணவரை இழந்து நால்வர் குழந்தைகளோடு நின்ற அலிஸ், துயரினின்று மீளக் குருவொருவரைக் கண்டடைந்தார். அவர் கோவை மாவட்டத்துச் செட்டிபாளையத்திற் பிறந்த தமிழராகிய சச்சிதானந்த சுவாமிகள். அமெரிக்கா செல்லுமுன் நம் நாட்டில் திருகோணமலையிலும் கண்டியிலும் ஆச்சிரமப் பணி புரிந்தவர். 1971இல் அலிஸ் வெளியிட்ட இசைத்தட்டு அவர் பெயரையே தாங்குகிறது. யாழ் வாத்தியத்தோடு தம்புரா மீட்டப்பெறும் அத்தட்டை, எங்கள் கூட்டத்தை ஒருபோதும் எட்டிப் பாராத என் மனைவியாரும் வந்திருந்து கேட்டார்.

மாணவன் மீண்டும் கடலுக்குச் சென்றுவிட்டான். பெட்டி தமக்கை வீட்டிலேயே இருக்கிறது. சென்ற போயாவன்று வித்துவான் திருக்கேதீச்சரப் பதிகம் ஒன்றை நாதசுரத்தில் விருத்தமாக வாசித்தார். சொற்கள் ஒலிக்கின்றனவா என்று நான் ஏட்டோடு சரிபார்த்தேன். இரண்டு இடங்களில் சண்டையும் பிடித்தோம். பாடகர் குழு நண்பர் அதனைக் கைபேசியிலே பதிவுசெய்து அவனுக்கு அனுப்பியிருக்கிறார். கப்பல் எந்தத் துறையில் நிற்கிறதோ, இன்னும் மறுமொழி வரவில்லை.