ஹிக்கி விட்டுச்சென்ற பாடம்

இலஞ்சமும் ஊழலும் மலிந்த ஆட்சி, எதிரிகளின் வாளைக் காட்டிலும் பத்திரிகையின் அச்செழுத்துக்கே அதிகம் அஞ்சுகின்றது. இந்தியாவின் முதலாவது அச்சுப் பத்திரிகையை வெளியிட்ட ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கியின் வாழ்க்கை இதற்குச் சான்று பகர்கின்றது.

அயர்லாந்தைச் சேர்ந்த ஹிக்கி, கல்கத்தாவில் கப்பல் வர்த்தகத்தில் நட்டமடைந்து கடனுக்காகச் சிறை சென்றவர். அங்கேயே அச்சுத் தொழிலை ஆரம்பித்த அவர், 1780 ஜனவரி 29 ஆம் திகதி 'பெங்கால் கெசற்' வார இதழை வெளியிட்டார். ஆரம்பத்தில் விளம்பரங்களும் நகரச் செய்திகளுமே அதில் பெரிதும் இடம்பெற்றன. கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி ஒருவர் இலஞ்சம் எதிர்பார்த்தார் என அவர் எழுதியதும், அதே ஆண்டு நவம்பரில் தபால் மூலமான விநியோகம் தடைசெய்யப்பட்டது. ஹிக்கி பணிந்துவிடவில்லை, ஆட்களை அமர்த்திப் பத்திரிகையை வாசகர்களிடம் சேர்ப்பித்தார்.

அக்காலத்தில் மகாதேசாதிபதி வாரன் ஹேஸ்டிங்ஸ், உச்ச நீதிமன்றப் பிரதம நீதியரசர் எலைஜா இம்பேயைக் கம்பனி நீதிமன்றத்தின் தலைவராகவும் நியமித்திருந்தார். அரசைக் கட்டுப்படுத்த வேண்டிய நீதிபதி அரசின் தயவுக்குட்பட்டார். இதனை ஹிக்கி கண்டித்தார். ஹேஸ்டிங்ஸ் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1781 ஜூனில் ஹிக்கி சிறையிலடைக்கப்பட்டார். அவரை விசாரித்ததும் இம்பே தலைமையிலான நீதிமன்றமே! சிறையிலிருந்தும் பத்திரிகை வெளிவந்தது. இறுதியில், 1782 மார்ச்சில் அச்செழுத்துக்கள் பறிமுதல் செய்யப்பட்டு அதன் குரல் அடக்கப்பட்டது. வறுமையில் வாடிய ஹிக்கி, 1802 இல் சீனா நோக்கிச் சென்ற கப்பலில் மரணமானார்.

ஹிக்கி குறைகளற்றவரல்லர். தனிமனிதர்களை இழிவுபடுத்தும் வம்புகளும் அவரது பத்திரிகையில் மலிந்திருந்தன. அதுவே எதிரிகளுக்கு வாய்ப்பாயிற்று. ஆயினும், ஹேஸ்டிங்ஸ் அந்த வம்புகளுக்காக மட்டுமே வெகுண்டெழுந்தார் எனக் கூறவியலாது. அவரது ஆட்சியின் முறைகேடுகள் குறித்துப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1788 முதல் 1795 வரை விசாரித்தது. அவர் விடுதலையானார் என்பது உண்மையே. ஆனால், கல்கத்தாவில் ஒருவர் எழுப்பியமைக்காகச் சிறை சென்ற கேள்விகளை ஒத்தவை, இலண்டனில் ஏழு ஆண்டுகள் பகிரங்கமாக ஒலித்தன.

இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. சட்டம் நீங்கினால் மட்டும் போதாது. தபால், விளம்பரம், நீதிமன்றம் ஆகிய மூன்றும் ஆட்சியாளரின் கைக்குள் அகப்படாதிருக்க வேண்டும். பத்திரிகையாளரும் வம்பை விடுத்து ஆதாரத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். இவ்விரண்டில் எது தவறினும் நட்டமடைவது மக்களே என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.