கம்பியின்றி ஒலித்த மணி: ஜகதீச சந்திர போஸ்

1895-ஆம் ஆண்டிற் கல்கத்தா நகர மண்டபத்திலே ஒரு விந்தை நிகழ்ந்தது. வங்காளத்து லெப்டினன்ட் கவர்னர் முதலாய பெருமக்கள் குழுமியிருந்த அவையில், பிரஸிடென்ஸி கல்லூரிப் பௌதிக ஆசிரியரொருவர் ஒரு சிறு கருவியினின்று மின்சார அலைகளைப் பிறப்பித்தார். கவர்னரது உடல் குறுக்கிட்டும், சுவர்கள் இடைநின்றும், அவ்வலைகள் தடைப்பட்டில. ஏறத்தாழ 75 அடிக்கு அப்பாலிருந்த அறையில் ஒரு மணி ஒலித்தது, கைத்துப்பாக்கி வெடித்தது, வெடிமருந்துக் குவியலொன்று தீப்பற்றியது. இடையே கம்பி யாதொன்றும் இல்லை. அவ்வாசிரியரே ஜகதீச சந்திர போஸ்.

இவர் கீழ் வங்காளத்தில் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்க உத்தியோகஸ்தர். அந்நிலையினர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புதலே பெருமையெனக் கருதிய அக்காலத்தில், அவர் தம் மகனைத் தாய்மொழிப் பாடசாலையிற் சேர்த்தார். அங்கே தம் ஏவலாளரது மகனும், ஒரு மீனவர் மகனும் இருமருங்கும் இருக்க, நம் போஸ் கல்வி தொடங்கினார். பின்னர்க் கல்கத்தாவில் ஸெயின்ட் ஸேவியர் கல்லூரியை அடைந்தபோது லபோன் பாதிரியார் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். சோதனைகளைக் கண்ணெதிரே செய்துகாட்டிக் கற்பித்தலில் அப்பாதிரியார் பேர்பெற்றவர். மாணவரது கைத்திறனுக்கு வித்து அங்கேதான் ஊன்றப்பட்டது எனல் பிழையாகாது. 1880-இல் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்ற போஸ், காய்ச்சலால் வருந்தி அதனை விடுத்துக் கேம்பிரிட்ஜை அடைந்து, ராலே பிரபுவினிடம் பௌதிகம் கற்று, 1884-இற் பட்டம் பெற்றார்.

1885-இல் பிரஸிடென்ஸி கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது; ஆனால் அதனோடு ஓர் இழிவும் கிடைத்தது. ஐரோப்பியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியர்க்கு உரியது என்பது அந்நாள் வழக்கம். தற்காலிக நியமனமாதலின் போஸுக்கு அதிலும் பாதியே விதிக்கப்பட்டது. அவர் வேலையை விட்டாரல்லர். விண்ணப்பங்களை அடுக்கி அலைந்தாருமல்லர். நாள்தோறும் வகுப்புக்குச் சென்று குறைவறக் கற்பித்தார். மாதந்தோறும் சம்பளத்தைத் தொடாது மறுத்தார். இங்ஙனம் மூன்றாண்டுகள் கழிந்தன. தந்தையாரோ தொழில் முயற்சிகளிற் பொருளிழந்து கடனில் மூழ்கியிருந்தார். 1887-இல் அவரை மணந்த அபலா அம்மையாரும் அவ்வறுமையைப் பகிர்ந்துகொண்டார். (இவ்வம்மையார் நம் சென்னையில் மருத்துவம் பயின்றவர் என்பது பலர் அறியாதது.) ஈற்றில் அரசாங்கமே இணங்கி, முழு ஊதியத்தையும் முந்திய நாளிலிருந்தே கணக்கிட்டு அளித்தது. அத்தொகை தந்தையாரின் கடன் தீர்க்கச் சென்றது.

ஆராய்ச்சிக்கென அவருக்கு வாய்த்தது 24 சதுர அடி அளவினதாகிய ஒரு சிற்றறையே. உடனுழைத்தவர், முன்பயிற்சி இல்லாத தகரவேலைக்காரர் ஒருவர். அவ்வறையிற் பிறந்த கருவியின் இயல்பைச் சிறிது கூறுவோம். உலோக உருண்டைகளின் இடையே மின்பொறி தெறிக்குங்கால் அலைகள் எழுகின்றன. அவற்றை ஏற்கும் முனையில், ஒன்றையொன்று மெல்லத் தொட்டு நிற்கும் உலோகத் துண்டுகள் உள. சாதாரணமாக அத்தொடுவாயின் வழியே மின்னோட்டம் எளிதிற் செல்லாது. அலை வந்து தாக்கியவுடன் தடை குறைய, மின்கலத்தின் ஓட்டம் பாய்ந்து மணியை ஒலிப்பிக்கும். பிரான்ஸிலே பிரான்லி என்பார் இதற்கு இரும்புத் தூளைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு முறையும் குழாயைத் தட்டினாலன்றித் தூள் பழைய நிலையை அடையாது. போஸ் தூளை அகற்றிச் சிறு எஃகுச் சுருள்களை வரிசையாக அமைத்து, அவற்றின் அழுத்தத்தைத் திருகாணியால் வேண்டியவாறு திருத்திக்கொண்டார். 5 மில்லிமீட்டர் நீளமேயுள்ள நுண்ணலைகளையும் அவர் படைத்து ஆராய்ந்தார். அவ்வலைகளின் அதிர்வுத் திசையைத் தேர்ந்து பிரித்தற்கு விலையுயர்ந்த கருவி தேடாது, ரயில்வே அட்டவணைப் புத்தகமொன்றின் ஏடுகளிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி வைத்தார். முறுக்கிய சணற்கற்றையையும் பயன்படுத்தினார்.

1896-இல் லண்டன் பல்கலைக்கழகம் அவரை டாக்டராக்கியது. 1897 ஜனவரியில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் சொற்பொழிவாற்றினார். அதே காலத்தில் அந்நகரிலே மார்க்கோனி தம் கம்பியில்லாத் தந்தியை வளர்த்துக்கொண்டிருந்தார். மார்க்கோனி நம்மவர் பொருளைக் கவர்ந்துகொண்டார் எனச் சிலர் பேசுவர். அது முற்றும் பொருந்தாது. நெடுந்தூரம் செய்தி அனுப்புதல் மார்க்கோனியின் நாட்டம். மின்சார அலை ஒளியைப்போல் மடங்குமோ, திரும்புமோ என்று காணுதல் போஸின் நாட்டம். எனினும் 1899-இல் போஸ் வெளியிட்ட பாதரசக் கருவியை ஒத்ததொன்றே 1901-இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த குறியை ஏற்க மார்க்கோனிக்கு உதவியது.

1901-இல் ஒரு தந்திக் கம்பெனியின் உரிமையாளர் போஸை அணுகி, கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்று இலாபத்தைப் பகிர்வோம் என வேண்டினார். போஸ் மறுத்தார். நிவேதிதையாரும் ஸாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதனால் மட்டுமே அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பட்டு, 1904-இல் உரிமை கிடைத்தது; அதனையும் அவர் பயன்படுத்தாது காலாவதியாக விட்டார். இத்துறவை எல்லாரும் புகழ்வர். எனக்கோ முற்றும் புகழ மனம் இசையவில்லை. அவர் விட்டதைப் பிறர் உரிமையாக்கிக் கொண்டனர். கம்பியில்லாக் கலையின் வரலாற்றில் அவர் பெயர் நெடுங்காலம் மங்கியே கிடந்தது. ஆயினும், ஊதியத்தில் ஒரு காசு குறைவதையும் பொறாதவர் பெருஞ்செல்வத்தைத் தள்ளினார் என்பதை நோக்குங்கால், அவர் காத்தது பணத்தையன்று, மதிப்பை என்பது புலனாகும்.

பின்னர் அவர் தாவரங்களின் உணர்ச்சியை ஆராயப் புகுந்து, 1917-இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1920-இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். 1937 நவம்பர் 23-ஆம் தேதி கிரிடீயிற் காலமானார். இந்நாளில், அறையிற் புகும் மனிதனது அசைவை அறிந்து, கம்பியின்றியே அபாய மணிக்குச் செய்தி விடுக்கும் கருவிகள் வீடுகளில் வைக்கப்படுகின்றன. அவற்றுட் சில, அச்சிற்றறையிற் பிறந்த அதே 5 மில்லிமீட்டர் அலைகளைக் கொண்டே அசைவை அறிகின்றன.