பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்

கம்பம் பள்ளத்தாக்கின் கோடியிலே, பெரியாற்று நீர் மலையைத் துளைத்து வந்திறங்கும் லோயர் கேம்பில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு மலைக்கப்பால் மலையாள தேசம். 1887-ஆம் வருஷம் ஜூன் மாதம் 5-ஆம் தேதி அத்தேசத்துச் செங்கன்னூரிற் பிறந்த ஒருவரை இப்புறத்து ஜனங்கள் ரோசாப்பூ துரை என்றழைத்து, அப்பெயரைத் தம் மக்கட்கும் இட்டனர். துரையென்று கேட்டு வெள்ளையரென மயங்குவாரும் உளர். அவரே பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்.

சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் பயின்று, எடின்பரோவில் தத்துவத்தில் எம்.ஏ. பட்டமும் லண்டனில் பாரிஸ்டர் பட்டமும் பெற்று 1909-ல் மீண்டவர், பின்னர் மதுரையைத் தம் ஊராக்கிக்கொண்டார்.

அக்காலத்தே 1911-ஆம் வருஷத்துக் குற்றப்பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளர்மீது ஏவப்பட்டது. ரேகைச் சட்டம் என்பது ஊரார் அதற்கிட்ட பெயர். ஒருவன் இன்ன குற்றஞ் செய்தானென நாட்டிய பின்னரே தண்டித்தல் நீதிமுறையாகும். இச்சட்டமோ இன்ன குலத்திற் பிறந்தானென்பதையே குற்றமாக்கிற்று. ஆடவர் கைரேகை பதித்தல் வேண்டும். ஊர்விட்டுப் போகச் சீட்டு வேண்டும். இரவிலே குறித்த இடத்திற் காவலின்கீழ் உறங்க வேண்டும். இராக்காலத்தே வயலுக்கு நீர் பாய்ச்சும் குடியானவனுக்கு இஃது எத்துணை இடரென்பதைப் பள்ளத்தாக்கினர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. இவற்றினுங் கொடியது ஒன்றுண்டு. அரசாங்கத்தார் ஒரு குலத்தைக் குற்றப்பரம்பரையென அறிவித்தால், அவ்வறிவிப்புச் செல்லுமோ செல்லாதோ என்று எந்த நீதிமன்றமும் ஆராய்தலாகாது. வக்கீல் நுழையும் வாயிலையே அடைத்த சட்டம் அது.

வாயில் அடைபட்டதெனினும் ஜோசப் வாளாவிருந்தாரல்லர். அம்மக்கட்காகத் தனித்தனி வழக்குகள் பல நடத்தினார். பத்திரிகைகளிலும் அச்சட்டத்தைக் கண்டித்து விரிவாய் எழுதினார். 1920-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி, ரேகை பதிக்க மறுத்த பெருங்காமநல்லூர் ஜனங்கள்மீது போலீசார் சுட்டனர். மாண்டவர் 16 பேர்க்குக் குறையார். அவருள் மாயக்காள் என்னும் பெண்மணியும் ஒருவர். எவரையும் திருடியதற்காகச் சுட்டிலர்.

மற்றைய செய்திகள் பலரும் அறிந்தவை. 1918-ல் வரதராஜுலு நாயுடுவின் ராஜத்துவேஷ வழக்கில் இராஜகோபாலாச்சாரியாருடன் எதிர்வாதஞ் செய்தார். ஒத்துழையாமை இயக்கத்திற் சேர்ந்து, பொருள் கொழித்த வக்கீல் தொழிலைத் துறந்தார். அலகாபாத்தில் இண்டிபெண்டெண்ட் பத்திரிகையை நடத்திச் சிறை புகுந்தார். 1923-ல் யங் இந்தியாவின் ஆசிரியரானார். 1924-ல் வைக்கத்திலே, தாழ்த்தப்பட்டோர் நடக்கும் வழிக்காக மீண்டும் சிறை சென்றார். பிறப்பைக் கொண்டு தெருவை மறுப்பதும், பிறப்பைக் கொண்டு விலங்கிடுவதும் அவருக்கு ஒரே வழக்காகவே தோன்றியிருத்தல் வேண்டும்.

1938-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 5-ஆம் தேதி, தம் 50-ஆம் பிராயத்தில் மதுரையிற் காலஞ்சென்றார். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-ஆம் வருஷத்திலேயே ரத்தாயிற்று.