70 பேரை மீட்ட ஹாரியட் டப்மன்... அவர் வழிபட்ட தேவாலயம் இன்னிக்கு எப்படி இருக்கு?

கனடாவின் செயின்ட் கேத்தரின்ஸ் நகரில், ஜெனீவா தெருவில் ஒரு சின்ன தேவாலயம் இருக்கு. பேரு சேலம் சேப்பல். நம்ம மாம்பழ சேலம் இல்லைங்க, பைபிளில் வரும் சேலம்! அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து தப்பி வந்தவர்கள் கட்டியது. 1855-ல் வேலை முடிந்தது. அங்கே வழிபட வந்தவர்களில் ஒருவர் ஹாரியட் டப்மன்.

1822 வாக்கில் மேரிலாண்டில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசில் கூப்பிட்ட பேரு மின்ட்டி. பதின்ம வயதில் ஒருநாள், தப்பி ஓடப் பார்த்த ஓர் அடிமையைக் குறிவைத்து மேற்பார்வையாளர் இரும்பு எடைக்கல்லை வீசினார். அது மின்ட்டியின் தலையில் பட்டது. அதன்பிறகு பேசிக்கொண்டிருக்கும்போதே திடீர்னு தூங்கிவிடுவார். ஆயுசு முழுக்க இந்தப் பிரச்னை விடவே இல்லை.

1849-ல் தன்னை விற்றுவிடுவார்களோ என்ற பயத்தில் தப்பினார். ராத்திரியில் நடந்து பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார். சுதந்திரம் கிடைச்சாச்சு, அப்படியே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனா சொந்தக்காரங்க எல்லாம் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தாங்களே! திரும்பிப் போனார். ஒருமுறை இல்லை, சுமார் 13 முறை. கிட்டத்தட்ட 70 பேரைக் கூட்டி வந்தார். ஒருத்தர்கூட பிடிபடவில்லை.

அவருடைய பிளானிங் செம ஷார்ப். பெரும்பாலும் குளிர்காலம்தான், ராத்திரி நீளம் என்பதால். கிளம்புவது சனிக்கிழமை. தப்பியவர்களைத் தேடும் அறிவிப்பை அச்சடிக்க முதலாளிகள் திங்கள்கிழமை வரை காத்திருக்கணும். அதற்குள் பாதி தூரம் தாண்டிடலாம். கையில் ஒரு துப்பாக்கியும் இருக்கும். நடுவழியில் பயந்துபோய்த் திரும்பிப் போறேன்னு யாராவது அடம்பிடித்தால், அவர்களையும் அதைக் காட்டித்தான் நடக்க வைத்தார். ஒருவர் திரும்பினாலும் மொத்தக் கூட்டமும் காட்டிக்கொடுக்கப்படும் ஆபத்து இருந்ததே!

சரி, கனடா எதுக்கு? 1850-ல் அமெரிக்கா ஒரு கொடூரமான சட்டம் கொண்டு வந்தது. தப்பிய அடிமை வடக்கு மாநிலங்களில் இருந்தாலும் பிடித்து முதலாளியிடம் ஒப்படைக்கலாம். அதாவது பிலடெல்பியாவும் பாதுகாப்பில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கனடாவில் 1834-லேயே அடிமைமுறை ஒழிந்துவிட்டது. அதனால 1851 டிசம்பரில் 11 பேரை அழைத்துக்கொண்டு எல்லை தாண்டினார் ஹாரியட். தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே நார்த் தெருவில் வாடகை வீடு. வந்தவர்கள் உறைபனியில் விறகு வெட்டிப் பிழைத்தார்கள். 1850-களின் நடுவில் அந்த ஊரில் சுமார் 800 கறுப்பின மக்கள் இருந்தார்கள். தேவாலயம்தான் அவங்களுக்குச் சொந்தபந்தம் மாதிரி.

அந்தச் சபைக்கு அப்போது தலைமை அமெரிக்காவில் இருந்தது. மாநாட்டுக்கு எல்லை தாண்டிப் போனால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அதனால் 1856-ல் பிரிந்து பிரிட்டிஷ் மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சர்ச் ஆனார்கள். பேரில் 'பிரிட்டிஷ்' சேர்ந்ததுக்குப் பின்னால் உயிர் பயம் இருந்ததுன்னு யோசிச்சா மனசு கனக்குது.

1857-ல் வயதான அப்பா, அம்மாவையும் மீட்டார். அவங்களால நடக்க முடியாது. கையில் கிடைத்ததை வைத்துக் குதிரை வண்டி ஒன்றைத் தயார் செய்து ஏற்றிவந்தார். கனடா குளிர் பெற்றோருக்கு ஒத்துக்கலை. 1859-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்னில் இடம் வாங்கிக் குடியேற்றினார். உள்நாட்டுப் போரில் நர்ஸ், உளவாளி. 1863 ஜூனில் கம்பாஹி ஆற்றில் ராணுவப் படகுகளுக்கு வழிகாட்டி ஒரே நாளில் 700-க்கும் மேற்பட்டோரை விடுவித்தார். இவ்வளவு செஞ்சவருக்கு 1899 முதல் கிடைத்த பென்ஷன் மாசம் 20 டாலர். அதிலும் 8 டாலர், போர்வீரரான கணவரின் விதவை என்பதற்காக!

1913 மார்ச் 10-ல் ஆபர்னில் காலமானார். அங்கே அவர் சென்ற தேவாலயம் இப்போது அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பூங்காவில் ஒரு பகுதி. பழுதடைந்து கிடந்ததை அரசுச் செலவில் புதுப்பித்திருக்கிறார்கள்.

சேலம் சேப்பலும் கனடாவின் தேசிய வரலாற்றுச் சின்னம்தான். ஆனா அது இன்னமும் வழிபாடு நடக்கும் தேவாலயம். சபையோ ரொம்பச் சின்னது. 170 வயசு மரக் கட்டடத்தைத் தாங்கிப் பிடிக்கும் செலவு பெருசு. நன்கொடை திரட்டுகிறார்கள். பார்க்க வருபவர்களுக்கு ஹாரியட்டின் கதையைச் சபைக்காரர்களே சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனா, அதே கூரைக்குக் கீழே பாட்டும் பிரார்த்தனையும் நடக்குது.