மின்கலம் ஈந்த வோல்ட்டா

இரவில் வரப்பின்மீது நடந்து செல்லும் உழவர்க்கும், நோயாளியின் தொண்டையை உற்று நோக்கும் மருத்துவர்க்கும், புயல் நாளில் மின்சாரம் இழந்து இருண்டு கிடக்கும் இல்லத்தார்க்கும் உற்ற துணையாய் உதவுவது டார்ச்சு விளக்கு. அது காற்றால் அணைவதில்லை. எண்ணெயும் திரியும் வேண்டுவதில்லை. விசையை அழுத்திய அளவில் ஒளி தோன்றுகிறது. அவ்வொளிக்கு உயிராய் விளங்குவது அதன் உள்ளே அடங்கிய பாட்டரிக் கட்டையே. நூல்களில் மின்கலம் என வழங்கும் அப்பொருளுக்கு முதன்முதல் வழி கண்டவர் இத்தாலிய அறிஞர் அலெசாண்டிரோ வோல்ட்டா ஆவார். அவர்தம் வரலாற்றைக் கற்போர்க்கு, நல்ல மின்கலத்தையும் நல்ல விளக்கையும் தேர்ந்து கொள்ளும் அறிவும் உடன் வாய்க்கும்.

வோல்ட்டா 1745-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18-ஆம் நாள் கோமோ என்னும் நகரில் பிறந்தார். ஆல்ப்ஸ் மலையின் அடிவாரத்தில், அழகிய ஏரி ஒன்றன் கரையில் அமைந்தது அந்நகர். அது அந்நாளில் ஆஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. வோல்ட்டா குழந்தைப் பருவத்தில் நெடுநாள் பேசாதிருந்தார் என்பர். பேச்சு வந்தபின் அவரது அறிவு விரைந்து மலர்ந்தது. இளமையிலேயே தந்தையை இழந்த அவரை உறவினர் வளர்த்தனர். அவர் சட்டம் பயில வேண்டுமென அவர்கள் விரும்பினர். அவர் உள்ளமோ இயற்கையின் மறைபொருள்களை ஆராய்வதிலேயே ஈடுபட்டது.

1774-இல் கோமோ நகரப் பள்ளியில் அவர் பணி ஏற்றார். அடுத்த ஆண்டில், உராய்வினால் உண்டாகும் மின்னேற்றத்தைப் பலகாலும் எடுத்துப் பயன்படுத்த உதவும் கருவி ஒன்றைத் திருத்தி அமைத்துப் புகழ் பெற்றார். 1776-இல் ஏரிக்கரைச் சேற்றினின்று எழும் குமிழிகளைத் திரட்டி ஆராய்ந்து, மீத்தேன் என இன்று வழங்கும் எரிவளியைக் கண்டறிந்தார். பின்னர்ப் பாவியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதனோடு தொடர்பு கொண்டிருந்தார்.

அக்காலத்து அறிஞர் அறிந்திருந்த மின்சாரம் கணப்பொழுதில் மறைவது. கண்ணாடியையோ அரக்கையோ தேய்த்தால் மின்னேற்றம் பிறக்கும், ஒரு பொறி தோன்றும், உடனே அழிந்துபடும். ஆற்று நீர்போல இடையறாது ஓடும் மின்சாரத்தை எவரும் பெற்றிலர்.

இந்நிலையில், 1791-இல், பொலோன்யா நகரத்து மருத்துவப் பேராசிரியர் லூயிஜி கால்வனி ஒரு வியத்தகு செய்தியை வெளியிட்டார். இறந்த தவளையின் காலில் உள்ள நரம்பையும் தசையையும் உலோகத்தால் இணைத்தபோது அக்கால் துடித்தது. விலங்கின் உடலிலேயே மின்சாரம் உறைகிறது என்று அவர் முடிவு செய்தார். வோல்ட்டா அச்சோதனையைத் தாமும் செய்து பார்த்தார். முதலில் கால்வனியின் கருத்தையே ஏற்றுக்கொண்டார். எனினும் அவர் ஆராய்ச்சி அதனோடு நின்றுவிடவில்லை. இணைக்கும் உலோகம் ஒன்றாயின் துடிப்பு குறைதலையும், இரண்டாயின் மிகுதலையும் கண்டு ஐயுற்றார். தம் நாவின்மேல் வெவ்வேறு உலோகத் துண்டுகள் இரண்டை வைத்து இணைத்தார். நாவில் புளிப்புச் சுவை தோன்றிற்று. தவளையின் கால் மின்சாரத்தைப் பிறப்பிக்கவில்லை, அதனை உணர்த்திற்று, மின்சாரம் பிறந்தது உலோகங்களின் சேர்க்கையால் என்று அவர் கருதினார்.

ஐரோப்பிய அறிஞர் உலகம் இரு கூறாகப் பிரிந்தது. கால்வனியின் பக்கத்தார் உலோகமே இன்றித் துடிப்பை உண்டாக்கிக் காட்டினர். வோல்ட்டா வேறு சோதனைகளால் விடை தந்தார். கருத்தில் மாறுபட்டிருந்த அவ்விருவரும் ஆய்வினாலேயே ஒருவரையொருவர் வெல்ல முயன்றனர். அரசியல் மாற்றத்தால் புதிய ஆட்சிக்கு உறுதிமொழி கூற மறுத்த கால்வனி, தம் பதவியை இழந்து 1798-இல் மறைந்தார். வழக்கு முடிவுறாது நின்றது.

வோல்ட்டா உலோகமும் உப்புநீரும் மட்டுமே கொண்டு மின்சாரம் பெற முனைந்தார். வெள்ளி வட்டு ஒன்று, துத்தநாக வட்டு ஒன்று, உப்புநீரில் நனைத்த அட்டை ஒன்று என்னும் முறையில் மாறி மாறி அடுக்கித் தூண்போல் எழுப்பினார். அடுக்கின் இரு முனைகளையும் ஈரக் கைகளால் தொட்டபோது அதிர்ச்சி உண்டாயிற்று. மீண்டும் தொட, மீண்டும் உண்டாயிற்று. அடுக்கு உயர உயர ஆற்றலும் உயர்ந்தது. மனிதன் முதன்முறையாக இடையறாத மின்னோட்டத்தைப் பெற்றான். 1800-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20-ஆம் நாள் இலண்டன் அரசவைக் கழகத் தலைவர்க்கு எழுதிய மடலில் வோல்ட்டா இதனை விளக்கினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் அவ்வடுக்கினால் நீர் இரு வளிகளாகப் பகுக்கப்பட்டது.

1801-இல் பாரிசு நகரில் நெப்போலியன் முன்னிலையில் அவர் தம் சோதனைகளைச் செய்து காட்டிப் பொற்பதக்கம் பெற்றார். 1810-இல் பிரபுப் பட்டமும் எய்தினார். 1819-இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பி, 1827-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் இயற்கை எய்தினார். 1881-இல் பாரிசில் கூடிய அறிஞர் பேரவை மின்னழுத்த அலகுக்கு வோல்ட்டு எனப் பெயர் சூட்டிற்று. கடையில் வாங்கும் பாட்டரிக் கட்டை ஒவ்வொன்றிலும் அவர் பெயரையே நாம் படிக்கிறோம்.

ஆயினும் வோல்ட்டாவின் கருத்தும் முழுமையானதன்று. உலோகங்கள் தொட்டுக்கொள்வதே மின்சாரத்திற்குக் காரணம் என அவர் எண்ணினார். துத்தநாகம் சிறிது சிறிதாக வேதியியல் மாற்றம் அடைந்து தேய்வதனால் ஆற்றல் கிடைக்கிறது என்பதைப் பின்வந்தோர் தெளிந்தனர். நரம்பிலும் தசையிலும் மின்சாரம் இயங்குகிறது என்னும் கால்வனியின் கருத்திலும் உண்மை உண்டெனப் பிற்காலம் காட்டிற்று.

பிரான்சு நாட்டு லெக்லாஞ்சே 1866-இல் துத்தநாகமும் மாங்கனீசு டை ஆக்சைடும் கொண்ட கலத்தை அமைத்தார். அதிலிருந்த நீர்மத்தைப் பசையாக்கி, உலர்கலமாகச் செய்தார் செருமனியின் காசுனர். 1899-இல் அமெரிக்காவில் குழாய் வடிவ டார்ச்சு விளக்குக்கு உரிமம் வழங்கப்பட்டது. அக்குழாயினுள் கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாய் இடுகிறோம் அன்றோ? அது வோல்ட்டாவின் தூணைப் படுக்க வைத்ததே. 1.5 வோல்ட்டுக் கட்டைகள் இரண்டு சேர்ந்து 3 வோல்ட்டு தருகின்றன.

தேய்வதனால் ஆற்றல் தருவது மின்கலம் என்று அறிந்தோர் அதனைத் தேர்வதில் பிழை செய்யார். துத்தநாகக் கார்பன் கட்டை விலை குறைந்தது. எப்போதேனும் சிறிதளவு பயன்படுத்துவதற்கு அது போதும். எனினும் அதன் உறையே தேயும் துத்தநாகமாதலின், நாட்பட்டால் துளைபட்டுக் கசியும். ஆல்கலைன் கட்டை விலை மிகுந்ததாயினும் நெடுநேரம் ஒளி தரும். பல ஆண்டுகள் இருப்பில் வைக்கவும் ஏற்றது. நாள்தோறும் விளக்கைப் பயன்படுத்துவோர்க்கு மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல் வகையே சிக்கனமானது. அதன் அழுத்தம் 1.2 வோல்ட்டு. இலித்தியம் அயனிக் கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 3.7 வோல்ட்டு, அதற்கென அமைந்த விளக்கிலன்றிப் பிறவற்றில் அதனை இடலாகாது. புதியதையும் பழையதையும் கலந்து இடுதல் தீது. வலிய கலங்கள் நலிந்த கலத்தினூடே மின்னோட்டத்தைச் செலுத்த, அது கசிந்து விளக்கையே கெடுக்கும். நெடுநாள் பயன்படுத்தாத விளக்கினின்று கட்டைகளை எடுத்து வைத்தல் நன்று. தீர்ந்த கட்டைகளை நெருப்பில் எறிதல் கூடாது.

விளக்கைத் தேரும்போது அது யாதன்பொருட்டு வேண்டுவது என முதலில் எண்ண வேண்டும். தொலைவில் உள்ளதைக் காணக் குவிந்த ஒளியும், வீட்டினுள் வேலை செய்யப் பரந்த ஒளியும் ஏற்றவை. இக்காலத்து எல்.இ.டி. விளக்கு, பழைய இழை விளக்கினும் குறைந்த மின்சாரத்தில் மிக்க ஒளி தருகிறது. விசை உறுதியாய் இருத்தலும், மழைநீர் புகாதிருத்தலும், வேண்டும் அளவுள்ள கட்டை ஊர்க்கடையில் கிடைத்தலும் நோக்கத்தக்கவை.

மாணவர்களே! பேராசிரியர் ஒருவர் கூறியதாயினும் சோதித்துத் தெளிந்த பின்னரே முடிவு செய்தவர் வோல்ட்டா. அப்பண்பே இருளில் நமக்கு ஒளி தந்தது. மேலுறையின் பளபளப்பைக் கண்டு மயங்காது, உள்ளிருப்பது இன்னதென அறிந்து பொருளைக் கொள்ளுங்கள். பிறர் கூறும் கருத்தையும் அவ்வாறே ஆராய்ந்து கொள்ளுங்கள்.